சமூக ஊடகமும் சுயபிம்பமும்: ஐந்து வகுப்புகளில் மாணவர்களிடம் எடுத்துச் செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் பாட ஆசிரியரும் நடத்தலாம். ஐந்து பாடவேளை போதும். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே மட்டும் ஒரு வார இடைவெளி வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் நேராக மனத்துக்குள் நுழையப் பார்க்கிறார்கள். "மத்தவங்க போட்டோவைப் பார்த்து யாருக்கெல்லாம் வருத்தமா இருந்திருக்கு? கை தூக்குங்க" என்று கேட்கிறார்கள். ஒரு கையும் எழாது. யாராவது தூக்கிவிட்டால் இடைவேளையில் அவர்பாடு திண்டாட்டம். ஆகவே வரிசை முக்கியம். முதலில் உங்கள் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். அடுத்து பெயரில்லாத சீட்டு, கேமரா, ஒப்பீடு, ஃபீட் (செயலி தேர்ந்தெடுத்துக் காட்டும் பதிவுகளின் வரிசை). வகுப்பறை நடைமுறை கடைசியில்தான். கேமராவைப் பற்றிப் பேசும்போது யாரும் தன்னைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. அந்தப் பேச்சு பழகிவிட்டால், சொல்ல விரும்புகிறவர் தானாகச் சொல்வார்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பள்ளித் தலைமையின் அனுமதி, பெற்றோருக்கு ஒரு சிறு கடிதம், பள்ளியின் மனநல ஆலோசகர் அல்லது அந்தப் பொறுப்பில் இருப்பவரின் பெயர், மூடி போட்ட ஒரு பெட்டி, வெள்ளைத்தாள், அளவுநாடா, அடிக்கோல், உங்கள் போன் ஒன்று. மாணவர் போன்கள் எதுவும் வகுப்புக்குள் தேவைப்படாது.

ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இப்பாடம் நடக்கும் வாரங்களில் ஏதாவது ஒரு குழந்தை, எங்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லக்கூடும். அந்த நேரத்தில் யாரிடம் கொண்டுபோவது என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

பெற்றோர் கடிதத்தில் "போன் பழக்கத்தின் தீமைகள்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பல வீடுகளில் அன்றிரவே போன் பறிமுதலாகும். அதற்குக் காரணம் நீங்கள்தான் என்று மாணவர் நினைப்பார், அடுத்த வகுப்பில் வாய் திறக்கமாட்டார். "படங்கள் எப்படி உருவாகின்றன, செயலிகள் எப்படித் தேர்ந்தெடுத்துக் காட்டுகின்றன என்பதைப் படிக்கப்போகிறோம்" என்று எழுதுங்கள். உண்மையும் அதுதான்.

2. முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். மாணவர்கள் ஆசிரியரின் கணக்கைத் தேடிப் பார்ப்பார்கள். பள்ளியின் பக்கத்தையும் பார்ப்பார்கள். அங்கே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கடந்த சில மாதங்களில் உங்கள் வகுப்பிலிருந்து வெளியான படங்களையும் வீடியோக்களையும் வரிசையாக எடுத்து வைத்து, அவற்றில் தெரியும் முகங்களை எண்ணிப் பாருங்கள். நன்றாகப் பேசும், கேமராவுக்குக் கூச்சப்படாத அதே மூன்று நான்கு பேர் திரும்பத் திரும்ப வந்திருப்பார்கள். மீதிப்பேர் பின்வரிசையில், பாதி முகமாக. 'காட்டத் தகுந்த முகம் எது' என்பதைப் பள்ளியே சொல்லிக்கொடுத்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் சுயபிம்பம் பற்றிப் பாடம் எடுத்தால் மாணவர் நம்பமாட்டார்.

பாடம் நடக்கும்போதே ரீல்ஸ் எடுக்கும் பழக்கம் இருந்தால், இந்த ஐந்து வகுப்பு முடியும்வரையாவது நிறுத்துங்கள். நிரந்தரமாக நிறுத்துவதே நல்லது என்பது என் கருத்து. கேமரா ஓடும்போது மாணவர்கள் தெரிந்த பதிலைத்தான் சொல்வார்கள், தெரியாததைக் கேட்க மாட்டார்கள். தப்பான பதிலைத் துணிந்து சொல்ல இடமில்லாத வகுப்பில் கற்றல் நடக்காது.

3. முதல் வகுப்பு: பெயரில்லாத சீட்டு

ஒரே அளவு தாள், ஒரே நிறப் பேனா, மூன்று கேள்விகள்:

ஒரு படத்தைப் போடும் முன் ஏறத்தாழ எத்தனை எடுப்பீர்கள்?
போட்டபின் நீக்கிய படம் உண்டா? எதனால்?
வகுப்பில் எழுந்து பேச, சத்தமாக வாசிக்க, கரும்பலகைக்கு வரத் தயங்கியதுண்டா? எதனால்?

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறாய்" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். கேட்டவுடன் விசாரணை என்று நினைத்துப் பொய் எழுதுவார்கள். நமக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. போன் இல்லாத மாணவரும் முதல் இரண்டு கேள்விகளுக்குக் கோடு போட்டுவிட்டு மூன்றாவதற்கு எழுதலாம். ஊடகத்தில் கணக்கே இல்லாத குழந்தையும் மற்றவர் படத்தில் இருக்கிறது, மற்றவர் பேச்சில் அடிபடுகிறது.

மூன்றாவது கேள்விதான் நம்மை வகுப்பறைக்குக் கூட்டிவரும். அதில் வரும் பதில்களில் பாடம் தெரியவில்லை என்பது குறைவாகத்தான் இருக்கும். "குரல் நல்லா இல்ல." "பல்லு தெரியும்." "யாராவது வீடியோ எடுத்துடுவாங்க." "போன தடவை என் முகத்தை ஸ்டிக்கர் ஆக்கிட்டாங்க, இன்னும் குரூப்ல ஓடுது." ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "போர்டுக்கு வந்தா முதுகுதான் தெரியும், அதனால வருவேன். திரும்பி நிக்கச் சொன்னா வரமாட்டேன்." எழுந்து பேசாத மாணவரைப் படிக்காதவர் என்று எண்ணி வந்த ஆசிரியருக்கு இந்தச் சீட்டுகள் வேறொரு விளக்கத்தைக் கொடுக்கும்.

எழுதும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்: "யார் எழுதியது என்று தேடமாட்டேன். ஆனால் ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவி கேட்பேன்." இதை முன்பே சொல்லாவிட்டால், பிறகு நீங்கள் உதவி தேடிப் போகும்போது அது துரோகமாகத் தெரியும்.

சீட்டுகளை வகுப்பிலேயே பிரித்து வாசிப்பது பலர் செய்யும் தவறு. தனியாக உட்கார்ந்து படியுங்கள். ஆளை அடையாளம் காட்டும் எதையும் ஒதுக்கி வையுங்கள். மறுநாள் பொதுவானவற்றை மட்டும் உங்கள் கையெழுத்தில் பலகையில் எழுதுங்கள்.

4. இரண்டாம் வகுப்பு: கேமரா என்ன செய்கிறது?

இதற்கு முழுப் பாடவேளையையும் கொடுங்கள். அவசரப்பட்டால் மொத்தப் பாடமும் உபதேசமாகிவிடும்.

படம் உங்களுடையதாக இருக்கட்டும், மாணவர் முகம் கூடவே கூடாது. "யார் வர்றீங்க?" என்று கேட்டால் முதலில் ஓடி வருபவர் துணிச்சலானவராக இருக்கலாம், ஆனால் அவர் மூக்கைப் பெரிதாக்கித் திரையில் காட்டினால் அந்தப் படம் வகுப்போடு நிற்காது. நடிகர்களின் 'முன், பின்' படங்களும் பயன்படாது. "அவங்க தொழில் அது" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

போனில் அழகூட்டும் அமைப்பை முதலில் அணையுங்கள். சில போன்களில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே கேமரா. முதல் படம் முகத்திலிருந்து 12 அங்குலத்தில். இரண்டாவது 5 அடியில், ஒரு மாணவர் அளவுநாடாவைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் எடுக்கட்டும். இரண்டாவது படத்தைத் தலை ஒரே அளவில் வரும்படி வெட்டிப் பெரிதாக்குங்கள். இரண்டையும் தாளில் அச்சிட்டு மேசைக்கு ஒன்றாகக் கொடுங்கள்.

இப்போது அடிக்கோல். மூக்கின் அகலத்தையும் கன்னத்தோடு சேர்ந்த முக அகலத்தையும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்கச் சொல்லுங்கள். கிட்டத்தில் எடுத்த படத்தில் அந்த விகிதம் கூடியிருக்கும். காதுகள் பின்னுக்குப் போய்ச் சிறுத்திருக்கும். "ஒரே மிஸ், ஒரே நிமிஷம், ரெண்டு மூக்கு" என்று யாராவது சொல்வார்கள். அந்த இடத்தில் கணக்கைப் பலகையில் போடுங்கள்.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஆழம் ஏறத்தாழ 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 12 அங்குலத்தில் இருந்தால் காது 17 அங்குலத்தில் இருக்கிறது. 17ஐ 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.42. காதோடு ஒப்பிட மூக்கு அத்தனை மடங்கு பெரிதாகப் பதிகிறது. 5 அடி என்றால் 60 அங்குலம். 65ஐ 60ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.08. முகம் மாறவில்லை, தூரம்தான் மாறியது. 2018இல் அமெரிக்க முக அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இதையே கணித மாதிரியால் காட்டியது: 5 அடியில் எடுத்த படத்தைவிட 12 அங்குல செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. செல்ஃபியைக் காட்டி மூக்கை மாற்றச் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள் பெருகியதே அந்த ஆய்வுக்குத் தூண்டுதல்.

உங்கள் வகுப்பில் 30 சதவீதம் வராது, 12 சதவீதம் வரலாம், 20 வரலாம். வந்த எண்ணையே எழுதச் சொல்லுங்கள். எதிர்பார்த்த விடைக்காக அளவை வளைத்தால் பாடமே பொய்யாகிவிடும்.

நேரம் இருந்தால் கண்ணாடிப் பிம்பத்தையும் சேருங்கள். முன்கேமராத் திரையில் நாம் பார்ப்பது இடவலம் மாறிய முகம். எடுத்து முடித்தபின் சில போன்கள் அதை நேராக்கிச் சேமிக்கின்றன, அப்போது "என் முகம் கோணலா இருக்கே" என்று தோன்றுகிறது. 1977இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், தங்கள் படத்தில் கண்ணாடிப் பிம்பத்தையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். அவர்களுடைய நண்பர்களோ நேரான படத்தை விரும்பினார்கள். பழகிய பக்கம்தான் பிடிக்கிறது. கோணல் என்று நாம் நினைக்கும் முகம்தான் நண்பர்கள் தினமும் பார்த்துப் பழகிய முகம். இதைச் சொன்ன பிறகு வகுப்பில் கொஞ்ச நேரம் இடைவெளி விடுங்கள். சீட்டில் எழுதாததைச் சிலர் இங்கே வாய்விட்டுச் சொல்வார்கள்.

5. மூன்றாம் வகுப்பு: தெரிந்தும் ஏன் ஒப்பிடுகிறோம்?

"எல்லாம் ஃபில்டர், நம்பாதே" என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் பலனில்லை. திருத்திய விளம்பரப் படங்களுக்குக் குறிப்பு போட வேண்டும் என்ற விதி பிரான்சில் 2017இலும், நார்வேயில் 2022இலும் நடைமுறைக்கு வந்தது. வாங்குபவரிடம் உண்மையைச் சொல்கிறது என்ற அளவில் அது நல்ல விதி. ஆனால் அப்படிப்பட்ட குறிப்பைப் படித்தவர்களும் தங்கள் உடலைப் பற்றிய மனக்குறையில் பெரிதாக மாறவில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பொய் என்று அறிவுக்குத் தெரிந்தாலும் கண் ஒப்பிட்டுவிடுகிறது.

லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இல் முன்வைத்த கருத்து இங்கே உதவும். அளக்க அளவுகோல் இல்லாத இடத்தில் மனிதர் பிறரோடு ஒப்பிட்டுத் தன்னை மதிப்பிடுகிறார். அதுவும் தன்னைப் போன்றவரோடு. உயரத்தை அளக்க நாடா இருக்கிறது. அழகுக்கு இல்லை. அதனால்தான் நடிகையின் படத்தைவிடப் பக்கத்து பெஞ்சுத் தோழியின் விடுமுறைப் படம் அதிகம் உறுத்துகிறது. சீட்டுகளிலும் இது தெரியும்.

வகுப்பில் செய்ய வேண்டியது இதுதான்: ஒரு கற்பனை மாணவரை உருவாக்கி, அவர் ஒரு படம் போடும் வரை நடந்தவற்றைக் குழுவாக வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். இடம் தேர்ந்தது, உடை மாற்றியது, நாற்பது படம் எடுத்தது, முப்பத்தொன்பதை அழித்தது, வெளிச்சம் கூட்டியது, நேரம் பார்த்துப் போட்டது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லைக் பார்த்தது. கற்பனை ஆள் என்பதால் தங்கள் அனுபவத்தைத் தாராளமாக அவர்மேல் ஏற்றிச் சொல்வார்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு இதில் எத்தனை படி தெரியும்?"

ஆண் மாணவர்களை இங்கே விட்டுவிடாதீர்கள். தசை, உயரம், தாடி, நிறம் என்று அவர்களுக்கும் ஒப்பீடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கேலியாக மட்டுமே பேசப் பழகியிருப்பதால் வெளியே தெரிவதில்லை. கற்பனை மாணவரை ஒரு குழுவுக்குப் பெண்ணாகவும் இன்னொரு குழுவுக்கு ஆணாகவும் கொடுத்தால் போதும்.

6. நான்காம், ஐந்தாம் வகுப்பு: ஃபீடை எண்ணுவது

பல செயலிகளில் கணக்கு வைக்கக் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழ்ப்பட்டவர்கள் வகுப்பில் இருந்தால் இந்தப் பகுதியை அவர்களிடம் செய்யச் சொல்லாதீர்கள். நீங்கள் தயாரித்த மாதிரிப் பட்டியல் ஒன்றைக் கொடுங்கள். போன் இல்லாதவர்களுக்கும் அதே பட்டியல்.

வீட்டில், செயலியைத் திறந்ததும் வரும் முதல் 20 பதிவுகளை வகைப்படுத்தித் தாளில் கோடு போட வேண்டும்: உடல், முகம், உடை, நண்பர், விளையாட்டு, நகைச்சுவை, பாடம், கலை, விளம்பரம். யாருடைய பெயரும் வேண்டாம், ஸ்கிரீன் ஷாட்டும் வேண்டாம். எண்ணிக்கை மட்டும்.

செயலி எதைக் கணக்கில் எடுக்கிறது என்பதை நான்காம் வகுப்பில் விளக்குங்கள். லைக், கமென்ட், பகிர்தல் என்பவற்றோடு ஒரு பதிவில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதும் சேரும். பிடிக்காமல், வயிறெரிந்து பார்த்தாலும் நின்றது நின்றதுதான். மனத்தை வருத்தும் படத்தில் அதிக நேரம் நின்றால் அதே மாதிரிப் படம் மேலும் வரும். மாணவர்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். "எனக்கு மட்டும் ஏன் இதெல்லாம் வருது" என்ற குற்றவுணர்வு அங்கே குறைகிறது.

அடுத்த ஒரு வாரத்துக்கு மூன்று வேலைகள். வருத்தும் பதிவுகளில் 'ஆர்வமில்லை' என்பதை அழுத்துவது. பகை வராமல் சிலரை மியூட் செய்வது, அதாவது அவர்கள் பதிவுகள் நமக்கு வராமல் நிறுத்துவது. இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021இலிருந்து எல்லாருக்கும் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்ப்பது. வாரம் கழித்து மறுபடி 20 பதிவுகளை எண்ணி, ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு தாள்களோடு வர வேண்டும். சிலருக்கு நன்றாக மாறியிருக்கும், சிலருக்கு மாறியிருக்காது. மாறாதவரிடம் "நீ சரியாகச் செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள்.

செயலியை அழிக்கச் சொல்வதும் வேண்டாம். நட்பு முழுவதும் அங்கே இருக்கும் வயதில் அது தண்டனை. 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களோடு நடந்த சோதனையில், மூன்று செயலிகளை ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 10 நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்ட குழுவில் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அவர்கள் யாரும் முழுமையாக விட்டுவிடவில்லை. குறைக்க விரும்பும் மாணவருக்கு இதைச் சொல்லலாம், கட்டாயமாக்க வேண்டாம்.

7. வகுப்பறையில் மாற்ற வேண்டியவை

ஐந்தாம் வகுப்பின் பிற்பாதியில் முதல் நாள் சீட்டின் மூன்றாம் கேள்விக்குத் திரும்புங்கள். எழுந்து பேசுவதை எது எளிதாக்கும் என்று மாணவர்களே சொல்லட்டும். வழக்கமாக வருபவை: அனுமதியில்லாமல் யாரும் யாரையும் படமெடுக்கக் கூடாது, ஸ்டிக்கர் செய்தால் செய்தவரே எல்லாக் குரூப்பிலிருந்தும் நீக்க வேண்டும், வாசிக்கும்போது சிரிக்கக் கூடாது. இந்த விதி ஆசிரியருக்கும் பொருந்தும் என்று நீங்களே முதலில் கையெழுத்திடுங்கள்.

கேள்வி கேட்டதும் கை தூக்கச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசவிட்டுப் பிறகு கேளுங்கள். பதில் ஒருவருடையது என்பதிலிருந்து இருவருடையது என்று ஆகும்போது முகத்தைப் பற்றிய பயம் தணிகிறது. மதிப்பெண்ணைக் குரூப்பில் போடாதீர்கள். ஊடகம் எண்ணிக்கையால் மதிப்பிடப் பழக்கியிருக்கும் பிள்ளைகளுக்கு அதே வேலையை நாமும் செய்ய வேண்டாம். பாராட்டும்போது "சூப்பர்" என்று நிறுத்தாமல், எந்த வரி, எந்தப் படி நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.

இணைய வகுப்பில் தன் முகம் தனக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதியைக் காட்டிக்கொடுங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் வீடியோ கூட்டங்களின் களைப்புக்குச் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று, நாள் முழுவதும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. பாடத்தைக் கவனிக்க வேண்டிய கண் தன் தலைமுடியைக் கவனிக்கிறது.

8. புள்ளிவிவரத்தால் பயமுறுத்தாதீர்கள்

2021இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களில், பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்ற வரி இருந்தது. ஏற்கெனவே அந்தச் சிக்கல் இருப்பதாகச் சொன்னவர்களைப் பற்றியதுதான் அது என்று நிறுவனம் பதில் சொன்னது. மறுபக்கம், 2019இல் வெளியான ஓர் ஆய்வு பெருந்தொகையான பதின்வயதினரின் தரவுகளை அலசி, ஒருவருக்கொருவர் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்கக்கூடிய பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம் என்றது.

இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகாதீர்கள். சராசரியில் பாதிப்பு சிறியதாக இருக்கும்போதே, ஒரு சிலருக்கு அது மிகக் கடுமையாக இருக்கலாம். "உங்கள் எல்லாருக்கும் கெட்டுப்போச்சு" என்று பேசினால் நன்றாக இருக்கும் பிள்ளைகள் நம் பேச்சைத் தள்ளிவிடுவார்கள், நன்றாக இல்லாத பிள்ளை கூட்டத்தில் மறைந்துவிடும்.

9. பாடத்தை நிறுத்தி உதவி கேட்க வேண்டிய நேரம்

சாப்பாட்டைத் தொடர்ந்து தவிர்ப்பது, வெயிலிலும் முழுக்கை உடை, விளையாட்டு வேளைக்கு வராமல் இருப்பது, குழுப்படம் எடுக்கும் நாளில் மட்டும் விடுப்பு, முகத்தை எப்போதும் மறைத்துக்கொள்வது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்தால் தனியாக அழைத்துப் பேசுங்கள்.

"நல்லாத்தானே இருக்கே, உனக்கென்ன?" என்று ஆரம்பிக்காதீர்கள். அன்போடு சொன்னாலும், பேச்சு மறுபடி தோற்றத்திலேயே வந்து நிற்கிறது. கண்டதைச் சொல்லுங்கள்: "ரெண்டு வாரமா மதியம் சாப்பிடப் போகல. என்னன்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்." பிறகு காத்திருங்கள். முதல் தடவை பதில் வராது. "எப்ப வேணா வா" என்று சொல்லி அனுப்புங்கள், இரண்டு நாள் கழித்து நீங்களே மறுபடி கேளுங்கள்.

தன்னைத் துன்புறுத்திக்கொள்வது, உயிரை விடுவது பற்றிய பேச்சு எந்த வடிவில் வந்தாலும் அன்றே ஆலோசகரிடம் போக வேண்டும். குழந்தையைத் தனியே விடாதீர்கள். யாராவது அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுவதாகச் சொன்னால் அந்தப் படத்தைக் கேட்காதீர்கள், பார்க்காதீர்கள், உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். "நீ தப்புப் பண்ணல, பணமோ இன்னொரு படமோ அனுப்பாதே, வந்த மெசேஜை அழிக்காதே" என்று சொல்லுங்கள். மாணவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே தேதி, நேரத்தோடு எழுதி, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே கையில் கொடுங்கள்.